பின்னிதழ் தெளியும்வரை

மூச்சை அடக்கி மூன்று வரை எண்ணுகிறேன், காற்று நிற்கவில்லை, நான்கு, ஐந்து, பூ இன்னும் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது, வேண்டாம் வேண்டாம் என்கிற மாதிரி. வயிற்றுக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு, அதற்குக் கீழே ஈரப் புல், புல்லுக்குக் கீழே ஒரு கல், சரியாக என் இடது விலாவுக்கு நேரே. நகர முடியாது. நகர்ந்தால் முக்காலி அசையும், முக்காலி அசைந்தால் இதுவரை எடுத்த பதினொரு படமும் வீண். என் தலைக்கு மேலே வசுமதி குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், காற்று வருகிற பக்கமாக, ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிடிக்கிற மாதிரியே, கை வலித்தாலும் சொல்லாமல். "இன்னும் எத்தனை பிலோமி?" என்கிறாள். "முப்பது இருக்கும்" என்கிறேன், உதடு மட்டும் அசைய. இந்தப் பூவின் முன்னுதட்டிலிருந்து பின்னால் வால் மாதிரி தொங்குகிற குழல்வரை ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆனால் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டால் லென்ஸுக்கு ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிவது ஓர் அரிசியின் கனம்கூட இல்லை. முன்னுதட்டின் ரோமம் தெளிந்தால் நடுவிலிருக்கும் மகரந்தம் மங்கல், மகரந்தம் தெளிந்தால் பின்னிதழ் வெறும் பச்சைப் புகை. லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் பதினாறு, இருபத்திரண்டு என்று போனால் ஆழம் கொஞ்சம் கூடும், ஆனால் மொத்தப் படமும் ஆடை படிந்த பால் மாதிரி மழுங்கிப்போகும். அதனால் எஃப் எட்டிலேயே நிறுத்தி, கேமராவைத் தாங்கியிருக்கிற சின்னத் தண்டவாளத்தின் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஒவ்வொரு மெல்லிய அடுக்காக எடுத்து, வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் பூ அதே இடத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். நாற்பது தடவை, ஒரே இடத்தில்.

நின்றது. பன்னிரண்டு. திருகு. மறுபடி ஆடுகிறது. திருகு திருப்புவது எனக்குக் கைப்பழக்கம், அரசாங்க ஆஸ்பத்திரி லேபில் இருபத்திரண்டு வருடமாக மைக்ரோஸ்கோப்பின் பக்கத்துக் குமிழைத் திருப்புகிறேன், வலது கை கட்டைவிரலில் அதற்கென்றே ஒரு காய்ப்பு. ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் ஏற்றி, குனிந்து பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது, ரோஜா நிறத்தில் ஒரு கலங்கல்தான், குமிழைத் தொட்டதும் அணுக்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். தெரிந்த உடனே நான் கையை எடுக்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பேன், தெரிந்தது போய் மறுபடி மங்கும்வரை. அப்போதுதான் எது உண்மையில் தெளிவு என்று உறுதியாகும். லேபில் மற்றவர்கள் சிரிப்பார்கள், "பிலோமினாக்கா ஒரு ஸ்லைடுக்கு ஒரு யுகம்" என்பார்கள். சிரிக்கட்டும், என் கையெழுத்துப் போட்டுப் போன ரிசல்ட் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. வசு முதன்முதலில் அங்கேதான் வந்தாள், மாமியாருடைய சர்க்கரை ரிசல்ட் வாங்க, மழைக்கோட்டு சொட்டச் சொட்ட. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பூப்படம் இருந்தது. "இது எந்த ஊர்ப் பூ?" என்றாள். "நீங்க இப்ப நடந்து வந்த வழியிலதான். ஆஸ்பத்திரி காம்பவுண்டுச் சுவத்துல, மூணாவது தூணுக்குக் கீழ" என்றேன். ரிசல்ட்டை வாங்காமலே வெளியே போனாள். பத்து நிமிடம் கழித்து முழங்காலில் சேறோடு திரும்பி வந்து, "ஆமா, இருக்கு" என்றாள், எதையோ தொலைத்துவிட்டுக் கண்டெடுத்தவள் முகத்தோடு. அந்த முகத்துக்காகத்தான். அந்த ஒரு முகத்துக்காகத்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன்.

பதிமூன்று. பதினான்கு. நல்லது, அடுத்தடுத்து இரண்டு. அவளுக்கு இரண்டு விருந்தினர் விடுதிகள் வைத்திருக்கிற புருஷன், பெரிய வீடு, என்னுடையதைவிட மூன்று மடங்கு நல்ல கேமரா. எனக்கு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் ஓர் அறை, கல்யாணம் ஆகாத நாற்பத்தாறு வயது, யார் கேட்டாலும் சொல்வதற்கு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்ததும் அவள் ஸ்கூட்டர் மாதா கோயில் வாசலில் நிற்கும், பின்னால் ஏறிக்கொள்வேன். நாங்கள் பேசிக்கொண்டதில் பூவைப் பற்றிப் பேசியது பாதிகூட இருக்காது. அவள் புருஷன் மோகனரங்கன் சாப்பாட்டு மேசையில் வெளியூர் ஆட்களுக்கு முன்னால் சொன்னதையெல்லாம் புல்லில் படுத்துக்கொண்டுதான் சொல்வாள், முகத்தை என் பக்கம் திருப்பாமல், கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டே. என் அண்ணன் வீட்டில் எனக்கு என்ன நடந்தது என்று நானும் அப்படித்தான் சொன்னேன். விதிகள் என்று இரண்டே இரண்டு வைத்திருந்தோம், பறிக்கக் கூடாது, வளைக்கக் கூடாது. ஒருமுறை ஆரம்பத்தில், பூ ஆடாமல் இருக்கத் துணி காயப்போடுகிற கிளிப்பைப் போட்டுத் தண்டைப் பிடித்தேன், ஒடிந்துவிட்டது. ஒடிந்த சத்தம்கூட இல்லை, கையில்தான் தெரிந்தது. அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவி, "வேணும்னா பண்ணின? விடு" என்றாள். வேணும்னா பண்ணின. பதினைந்து போச்சு, ஆடிவிட்டது, அழித்துவிட்டு மறுபடி. வேணும்னா பண்ணின, இந்த வார்த்தை எங்கேயிருந்து இப்போது வருகிறது, வேண்டாம், பூவைப் பார், திருகைப் பார்.

இந்தச் சரிவை நான் கண்டுபிடித்து மூன்று வருடம். பூம்பாறை போகிற ரோட்டில் பதினொரு கிலோமீட்டர், அங்கே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பைன் மரங்களுக்கு நடுவே ஏறினால் மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடம். முதல் வருடம் வெறும் இலைதான் பார்த்தேன், தரையோடு ஒட்டிய இரண்டே இலை, ஒன்பது செடி, கைக்குட்டை விரித்தால் மூடிவிடலாம். தரையில் வளரும் ஆர்க்கிட் என்று மட்டும் தெரிந்தது. இரண்டாம் வருடம் ஒன்று மொட்டுவிட்டது, மூடுபனியிலேயே அழுகிப்போனது. இந்த வருடம் இரண்டு. யாரிடமும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் செடி ஆர்வலர் சங்கம் ஒன்று இருக்கிறது, நான் பார்க்கிற பூக்களையெல்லாம் தேதி போட்டு அவர்களுக்கு எழுதி அனுப்புவேன், அவர்களுக்குக்கூடச் சொல்லவில்லை. வசுவுக்கு மட்டும் காட்டினேன். காட்டியபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. போன ஞாயிறு வந்தபோது முதல் தண்டில் ஐந்து பூ விரிந்திருந்தது, இதோ இந்தத் தண்டு அப்போது மொட்டு. மூன்று மணி நேரம் முயன்றோம். காற்று ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இந்தச் சரிவில் எப்போதும் நிற்காது, கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருகிற காற்று. நாற்பதுக்கு ஒன்பது படம்தான் தேறியது, முன்னுதடு தெளிவு, மற்றதெல்லாம் புகை. திரும்பும்போது வசு சொன்னாள், "அடுத்த வாரம் பாக்கலாம், அது எங்க போயிடப் போகுது."

எங்கே போய்விடப் போகிறது. பதினாறு. பதினேழு. நேற்றுச் சாயங்காலம் லேபைப் பூட்டும்போது போனில் ஒரு படம் வந்தது, வசு அனுப்பியது. அதே பூ. ஐந்து பூவும். எல்லாம் தெளிவாக. முன்னுதட்டின் ஒவ்வொரு ரோமமும், மகரந்தத்தின் மஞ்சளும், பின்னிதழின் நரம்பும், குழலின் நுனியில் உள்ளே நிற்கிற தேனும்கூட. பின்னால் முழுக் கறுப்பு. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன், முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறுக்க மாட்டேன், பிறகு இன்னொன்றும் வந்தது, அதன் பெயர் பொறாமை, அதையும் மறுக்க மாட்டேன், நான் மூன்று வருடமாக எடுக்க நினைத்த படம் அது. அதற்குப் பிறகுதான் கண் வேலை செய்யத் தொடங்கியது. படத்தைப் பெரிதாக்கினேன். அடுக்குகளைச் சேர்க்கும்போது பூ ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் விளிம்பில் இரட்டைக் கோடு விழும், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சேர்த்தாலும் எங்காவது விழும். ஒன்றுகூட இல்லை. அறுபது எழுபது படமாவது எடுத்திருக்க வேண்டும், அறுபது தடவையும் அந்தப் பூ சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றிருக்க வேண்டும். இந்தச் சரிவிலா. மேல் பூவில் ஒரு தண்ணீர்த்துளி இருந்தது, துளிக்குள் ஒரு வெள்ளைச் சதுரம், நடுவில் சிலுவை மாதிரி இரண்டு கோடு. ஜன்னல். இல்லை, வெயிலை மட்டுப்படுத்த நாங்கள் பிடிக்கிற வெள்ளைத் துணியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் துணி வட்டம். அது எனக்குத் தெரியும். வட்டம் என்று தெரிந்துகொண்டே துணிதான் என்று சொல்லிக்கொண்டேன். ஒரே தலைக்குள் அது எப்படி முடிகிறது என்று இன்னும் விளங்கவில்லை.

உடனே அவள் போன் வந்தது. "பாத்தியா? பாத்தியா பிலோமி? நடுவுல ஒரு நாள் காலைல தனியா போனேன், ஒரு பத்து நிமிஷம் காத்தே இல்ல, தெய்வாதீனம்தான். வியாழக்கிழமை ராத்திரியே கோயம்புத்தூர்ச் சங்கத்துப் போட்டிக்கு அனுப்பிட்டேன். ஒனக்கு ஒரு மெயில் வந்திருக்கும் பாரு. சும்மா ஆமான்னு எழுதிரு." மெயில் வந்திருந்தது. செடியைப் பறிக்காமல், அது வளரும் இடத்திலேயே எடுக்கப்பட்ட படங்கள் மட்டுமே ஏற்கப்படும், இந்தப் படத்துக்குச் சாட்சியாக உங்கள் பெயர் தரப்பட்டுள்ளது, உறுதி செய்ய வேண்டுகிறோம். கீழே, உங்கள் குறிப்புகளை நாங்கள் எப்போதும் மதிப்புடன் படிக்கிறோம் என்று தனியாக ஒரு வரி, செயலரே சேர்த்து எழுதியிருந்தார். லேப் வராந்தாவில் நின்றுகொண்டே பதில் எழுதினேன். ஆம், பறிக்காமல் எடுத்தது. நான் அறிவேன். பிலோமினா. எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு ஸ்லைடுக்கு ஒரு யுகம் எடுக்கிறவள். பதினெட்டு, பத்தொன்பது, காற்று கொஞ்சம் தணிகிறது, இருபது. ஏன் எழுதினேன். அவள் கேட்டாள், எழுதினேன். சந்தேகப்பட்டால் ஒன்பது வருடத்தையும் அல்லவா சந்தேகப்பட வேண்டும், அதற்கு எனக்குத் தெம்பு இல்லை, வேறு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் இல்லை.

காலையில் கோயில் வாசலில் அவள், "இன்னைக்கு வேற பக்கம் போலாமா? அங்க ரெண்டு வாரம் போயாச்சே" என்றாள். "இல்ல, அந்த இன்னொரு மொட்டு விரிஞ்சிருக்கும்" என்றேன். ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் தெரியவில்லை. மேலே ஏறி வந்தபோது ஒரு தண்டுதான் இருந்தது, மொட்டாக இருந்தது பூத்திருந்தது, ஐந்து பூ விரிந்திருந்த தண்டைக் காணோம், அந்த இடத்தில் புல் சாய்ந்து கிடந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே, "அடடா, காட்டுமாடு மேஞ்சிருக்கு பிலோமி" என்றாள். "நான் அன்னைக்கு எடுத்தது நல்லதாப் போச்சு." காட்டுமாடு இங்கே வரும்தான். சாணி பார்த்திருக்கிறேன். போன மாதம் கீழே பைன் மரத்தில் உரசிவிட்டுப் போன ரோமம் ஒட்டியிருந்தது. மாடாக இருக்கும் என்று நினைத்ததும் உடம்பே லேசாகிவிட்டது, மாட்டுக்கு நன்றி சொல்லாத குறை. அந்தச் சந்தோஷத்தில்தான் விரிப்பைப் போட்டுப் படுத்தேன். இருபத்தைந்து. முப்பது. காற்று இன்று நிஜமாகவே இடைவெளி விடுகிறது, அவள் சொன்ன மாதிரி பத்து நிமிடம் கிடைக்கிறது, கிடைக்கத்தானே செய்கிறது, அப்படியானால் அன்றும் கிடைத்திருக்கும், பார்த்தாயா பிலோமினா, நீ எவ்வளவு அற்பமானவள். முப்பத்துநான்கு. குழலின் நுனி தெளிந்துவிட்டது. பின்னிதழ் முடிந்தது. எல்லாம் கிடைத்துவிட்டது, இதோடு நிறுத்தலாம், இனி பூவில் ஒன்றுமில்லை. கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம், மங்கும்வரை. பூ மங்கியது. இன்னும் கொஞ்சம். ஒரு புல் தெளிந்து மங்கியது. அதற்குப் பின்னால் சாய்ந்து கிடந்த புல்லைக் காற்று தூக்கியது, தூக்கிய இடத்தில் கேமராத் திரையில் ஏதோ வெளிறிய பச்சையாக எழுந்து வந்தது, ரத்தத்துளியில் அணு எழுந்து வருகிற மாதிரி மெதுவாக, கட்டைவிரல் திருப்பத் திருப்ப, விளிம்பு கூடி வந்து, தெளிந்தது.

தண்டு. தரையிலிருந்து இரண்டு விரல் உயரம். மேலே சாய்வாக ஒரே வெட்டு. வெட்டு வாய் காய்ந்து பழுப்பு நிறம். கீழே இரண்டு இலையும் முழுசாக, ஒரு கீறல் இல்லாமல்.

விலாவில் கல் குத்துவது தெரியவில்லை. மாடு கத்தரிக்கோல் வைத்துக்கொண்டு வராது என்று யாரோ தலைக்குள் சொல்கிறார்கள், சிரிப்பாகக்கூட இருக்கிறது. மாடு இழுக்கும், இழுத்தால் இலையும் கிழங்குமாக வரும். இது நகம் வெட்டுகிற பொறுமையோடு வெட்டியது. புல்லைச் சாய்த்து மூடியது. மூடியதுதான் என்னை என்னவோ செய்கிறது, வெட்டியதைவிட. வெட்டும்போது பூவை நினைத்திருப்பாள், மூடும்போது என்னை அல்லவா நினைத்திருக்கிறாள். பிலோமி வருவாள், பார்ப்பாள், கண்டுபிடிப்பாள் என்று நினைத்து, ஒவ்வொரு புல்லாக வளைத்திருக்கிறாள். தலைக்கு மேல் குடை அசையாமல் நிற்கிறது. எவ்வளவு அக்கறையாகப் பிடித்திருக்கிறாள். பட்டனை அழுத்தினேன், அதையும் ஒரு படமாக, ஏனென்று தெரியாமல். "முடிஞ்சுதா?" என்கிறாள் மேலேயிருந்து.

"வசு, இங்க வந்து பாரு."

"குடைய விட்டா காத்து அடிக்கும்டி."

"விடு. வந்து பாரு."

மண்டியிட்டுக் குனிந்தாள். அவள் தலைமுடியில் எப்போதும் வருகிற சீயக்காய் வாசம். திரையைப் பார்த்தாள். "புல்லுதான" என்றாள். நான் பெரிதாக்கும் பட்டனை அழுத்தினேன், இன்னொரு தடவை அழுத்தினேன். வெட்டு வாய் திரை முழுக்க நிறைந்தது. குடை புல்லில் உருண்டுபோய்ப் பாறையில் முட்டி நின்றது, இரண்டு பேரும் எடுக்கப் போகவில்லை. பூ தலைவிரித்து ஆடுகிறது. "எப்ப வந்த?" என்றேன். என் குரல் ஆஸ்பத்திரிக் குரலாக இருந்தது, டோக்கன் நம்பர் கேட்கிற குரல். "புதன்கிழமை" என்றாள். "ரெண்டு மணி நேரம் உக்காந்தேன் பிலோமி. சத்தியமா. அன்னைக்குக் காத்து இதவிட மோசம். ஒரு படம்கூட நிக்கல. கிழங்கு அப்படியேதான் இருக்கு, அடுத்த வருஷம் வந்துரும். ஒரே ஒரு தண்டு." "விதை?" என்றேன். ஒன்பது செடியில் இரண்டுதான் பூத்தது, அதில் ஒன்று. அதை நான் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும், அவளுக்கு எல்லாம் தெரியும், நான்தான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "இப்ப அது எங்க?" "எது?" "அந்தப் பூ. இப்ப எங்க இருக்கு?" அவள் புல்லைக் கிள்ளினாள். "சமையல்கட்டு ஜன்னல்ல ஒரு டம்ளர்ல வச்சிருந்தேன். வேலைக்கு வர்ற அக்கா தெரியாம கொட்டிட்டாங்க."

டம்ளர். அந்தச் சமையல்கட்டு ஜன்னலை எனக்குத் தெரியும். நாலு கண்ணாடி, நடுவில் சிலுவை. அங்கே நின்று எத்தனை தடவை காபி குடித்திருக்கிறேன். நேற்றே தெரிந்துவிட்டது எனக்கு, நேற்றே அந்த ஜன்னலைத்தான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் ஆம் என்று எழுதினேன். "எதுக்கு என் பேரக் குடுத்த?" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள், முதல் தடவையாக. "உன் பேரக் குடுத்தா யாரும் வேற கேள்வி கேக்க மாட்டாங்க. நீ பொய் சொல்ல மாட்டேன்னு அவங்க எல்லாருக்கும் தெரியும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும், கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். கல்லைக் கொண்டு எறிந்திருந்தால்கூட இப்படி இருந்திருக்காது. இருபத்திரண்டு வருடம் ஒவ்வொரு ஸ்லைடாக நான் சேர்த்தது அது. என்னிடம் இருந்த ஒரே விலையுள்ள சாமான், அதை அவள் எடுத்துப் பயன்படுத்திவிட்டாள், கேட்காமல், இரவல்கூட இல்லை. "அவர் சொன்னது உனக்குத் தெரியும்ல" என்கிறாள் இப்போது, அழுகிறாள், மூக்கை ஜாக்கெட் கையில் துடைத்துக்கொள்கிறாள். "அத்தன பேர் முன்னாடி, இவ்வளவு பெரிய கேமரா, ஒன்பது வருஷம், சுவத்துல மாட்ட ஒரு படம் லாயக்கில்லன்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன் பிலோமி. ஒரே ஒரு படம். அவர் வாய மூடுற மாதிரி ஒண்ணே ஒண்ணு." தெரியும். இதே சரிவில் படுத்துக்கொண்டு நீ சொன்னதுதான். பாவம் நீ, அதுவும் தெரியும். பாவமாக இருப்பதும் கோபமாக இருப்பதும் ஒன்றையொன்று அழிப்பதில்லை, ஒன்றைத் தெளிவாகப் பார்க்கும்போது மற்றது பின்னால் மங்கலாக நின்றுகொண்டுதான் இருக்கிறது.

"நீ ஒடைக்கலையா?" என்றாள் திடீரென்று. "துணி கிளிப் போட்டு. ஞாபகம் இல்லையா?" "ஒடச்சேன். அன்னைக்குப் படம் எடுக்கல. உன்கிட்டதான் வந்து சொன்னேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கேமராவைக் கழற்றத் தொடங்கினேன், முதலில் திருகு, பிறகு தண்டவாளம், முக்காலியின் ஒவ்வொரு காலாக மடக்கி, விரல்கள் அவற்றுக்குத் தெரிந்த வேலையைச் செய்தன. "அவங்களுக்கு எழுதப் போறேன்" என்றேன். "என்னன்னு?" "நடந்தத." அவள் எழுந்து நின்றாள். "நேத்து ஆமான்னு எழுதிட்டு இன்னைக்கு இல்லன்னு எழுதினா உன்ன என்ன நெனப்பாங்க? நீயும் பொய் சொன்னவன்னுதான ஆகும். யோசிச்சியா?" மிரட்டல் இல்லை அது, நிஜமாகவே எனக்காகவும் பயந்துதான் சொல்கிறாள், அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது. "ஆகும். பொய்தான சொன்னேன்" என்றேன். "எனக்காகத்தான சொன்ன?" என்றாள், மிகவும் சின்னக் குரலில். போய்க் குடையை எடுத்து மடக்கி அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். அவளுடைய குடை அது.

பைன் மரங்களுக்கு நடுவே இறங்கும்போது ஊசியிலைகள் வழுக்கின. முன்னால் அவள், பின்னால் நான். ரோட்டுக்கு வந்தால் பஸ் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூம்பாறையிலிருந்து அடுத்த பஸ் பதினொன்றரைக்கு. நடக்கலாம், பதினொரு கிலோமீட்டர், முக்காலியும் பையுமாக. கொஞ்ச தூரம் நடக்கவும் செய்தேன். ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து மெதுவாக உருண்டது. "ஏறு பிலோமி. மழை வரும்போல." வானம் கறுத்துத்தான் இருந்தது. இந்த உலகத்தில் வேறு எப்படித்தான் நடக்கும், சண்டை போட்டவர்கள் தனித்தனி ரோட்டிலா வீடு திரும்புகிறார்கள். ஏறினேன். பையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். அவள் முதுகு எவ்வளவு பக்கம், கழுத்தில் வெயில் பட்ட கோடு, ஜாக்கெட்டில் காய்ந்த புல் ஒன்று ஒட்டியிருந்தது, எப்போதும் எடுத்துவிடுவேன், கை போனது, நிறுத்தினேன். மூன்றாவது வளைவில் ஊர் தெரியும்போது போனில் சிக்னல் வந்து ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்தேன். குலுக்கலில் எழுத்துகள் தவறித் தவறி விழுந்தன, அழித்து அழித்து எழுதினேன். நேற்று நான் எழுதியது உண்மையல்ல. படம் எடுக்கும்போது நான் உடன் இல்லை. பூ பறிக்கப்பட்டிருக்கிறது. எனக்குச் சந்தேகம் இருந்தது, இருந்தும் எழுதினேன். இனி என் பெயரைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். அனுப்பினேன். கட்டைவிரல் நடுங்கவே இல்லை, நடுங்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அனுப்பிட்டியா?" என்றாள். "ம்" என்றேன். வண்டியின் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் தோள் மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது. மழை தொடங்கிவிட்டது, பெரிய பெரிய துளியாக, முகத்தில் அடித்தது, அவளும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. ஊர் எல்லையில் வேகத்தடை வந்தபோது, "மேடு வருது, பிடிச்சுக்கோ" என்றாள், அவளை அறியாமல், பழக்கத்தில். பிடித்துக்கொண்டேன். அவள் தோளை அல்ல, சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியை.